எட்டு வாரம் தாண்டிய இருமல்: சிகிச்சையைச் சீர்செய்ய வடசென்னை நோயாளிகள் கைகொடுப்பது எப்படி?

மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்ததும் இருமல் நின்றுவிடும். நாள்பட்ட இருமல்காரர்கள் பலரும் சொல்வது இது. இரவு இரண்டு மணிக்கு வீட்டையே எழுப்பிவிட்ட இருமல், ஓ.பி. அறையின் அந்த மூன்று நிமிஷம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொள்ளும். மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றால் மறுபடி ஆரம்பிக்கும். ஸ்டெத்தில் ஒன்றும் கேட்காது, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், சிரப் எழுதிக் கொடுப்பதோடு கதை முடியும்.

இருமல் நடக்கும் இடம் ஒன்று, அதைப் பார்க்கும் இடம் வேறு. நடுவில் நடப்பது நோயாளிக்கும் வீட்டில் கூட இருப்பவருக்கும் மட்டுமே தெரியும். அதை மருத்துவமனைக்குப் பயன்படும் வடிவத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இங்கே பேசப்போகும் வேலை. முதல் பாதி உங்கள் சொந்த ஃபைல் பற்றியது. இரண்டாம் பாதி, நாலு பேர் சேர்ந்து சிகிச்சை நடக்கும் முறையை மாற்றுவது பற்றியது. முதல் பாதியை முடிக்காமல் இரண்டாவதற்குத் தாவ வேண்டாம். கையில் குறிப்பு இல்லாதவர் பேச்சு எந்தக் கூட்டத்திலும் புலம்பலாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

முதல் வேலை: டிபி இல்லை என்று உறுதிசெய்வது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. அரசு நிலையங்களில் இதற்குக் காசு கிடையாது. பக்கத்திலிருக்கும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ நேராகப் போனாலும் சரி. ‘எனக்கெல்லாம் டிபி வராது’ என்று தள்ளிப்போடாதீர்கள். பின்னால் பத்துப் பேரோடு ஒரே அறையில் உட்காரப்போகிறீர்கள்.

சளி கொடுப்பதில் நிறையத் தப்பு நடக்கிறது. டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் முடிவு ‘இல்லை’ என்றுதான் வரும். வழக்கமாக இரண்டு மாதிரி கேட்பார்கள், அதில் ஒன்று விடிகாலைச் சளி. எழுந்ததும் பேஸ்ட் போடாமல் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மொட்டைமாடி மாதிரி காற்றோட்டமான இடத்துக்குப் போய், ஆழமாக மூச்சிழுத்து, சில விநாடி பிடித்து விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள். 2 முதல் 5 மில்லி வேண்டும், அதாவது அரை டீஸ்பூனிலிருந்து ஒரு டீஸ்பூன் வரை. மூடியை இறுக்கி, பெயர் எழுதி, அன்று காலையே கொடுத்துவிடுங்கள். வறட்டு இருமலில் சளியே வராது. அப்போது எச்சிலைக் கொடுத்துச் சமாளிக்காமல், ‘சளி வரலை’ என்று சொல்லிவிடுங்கள். உப்புநீர் ஆவி கொடுத்துச் சளி எடுக்க வழி உண்டு, எக்ஸ்ரேயும் எடுப்பார்கள்.

ஏற்கெனவே டிபி வந்து மருந்து முடித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிபி குணமான பிறகும் நுரையீரலில் தழும்போ மூச்சுக்குழாய் விரிவோ தங்கி, வருஷக்கணக்கில் இருமலும் கோழையும் வரலாம். மரபணு முறையில் செய்யும் சளிப் பரிசோதனை செத்த கிருமியைக்கூடக் காட்டிவிடும். அதனால் பழைய சிகிச்சை அட்டையையும், மருந்து முடித்த மாதம் வருஷத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாமல் போனால் மறுபடி ஆறு மாத மருந்தைத் தேவையில்லாமல் ஆரம்பித்துவிட வாய்ப்பு உண்டு.

சளியில் ரத்தம், எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூச்சுத்திணறல், குரல் கம்மிப்போய்த் திரும்பாமல் இருப்பது, விழுங்கக் கஷ்டம் ஆகியவற்றில் எது இருந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. பீடி சிகரெட் பழக்கம் உள்ள நடுத்தர வயதுக்காரருக்குப் புதிதாக இருமல் வந்தாலும், பழைய இருமலின் தன்மை மாறினாலும் அப்படித்தான். அன்றே போங்கள்.

எந்த இருமல் என்று பிரித்துப் பார்ப்பது

பெரியவர்களுக்கு எட்டு வாரம் தாண்டினால் அது நாள்பட்ட இருமல். குழந்தைகளுக்கு நான்கு வாரம் என்பதே கணக்கு. டிபி இல்லை, எக்ஸ்ரேயும் சரி என்று ஆனபின் மருத்துவர்கள் பெரும்பாலும் தேடுவது சிலவற்றைத்தான். வீசிங் சத்தமே இல்லாமல் இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமா, மூக்கிலிருந்து தொண்டைக்கு நீர் வடிதல், வயிற்று அமிலம் எதுக்களித்தல், புகையால் வந்த நுரையீரல் நோய், ரத்த அழுத்த மாத்திரை.

கடைசியாகச் சொன்னது நம் பகுதியில் அதிகம் கோட்டைவிடப்படும் ஒன்று. எனாலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ முடிவுள்ள மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கிளப்பும். மாத்திரை ஆரம்பித்த வாரமே வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். நிறுத்தினால் பொதுவாக ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுவாசலுக்கே வந்துவிடுகிறது. நல்ல விஷயம்தான், ஆனால் மருத்துவரிடம் இருமலைச் சொல்லும் சந்தர்ப்பமும் அதோடு குறைந்துபோகிறது. மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமே ‘இத்தனை மாசமா வறட்டு இருமல்’ என்று சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற மாற்று இருக்கிறது. மாற்றுவது மருத்துவர் வேலை.

எல்லாக் காரணத்தையும் தேடிச் சிகிச்சை கொடுத்தும் அடங்காத இருமலும் உண்டு. இருமலைக் கிளப்பும் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுவதே இதற்குக் காரணம் என்று இப்போது புரிந்துகொள்கிறார்கள். பேச்சு, சிரிப்பு, குளிர்காற்று, வாசனை என்று தொட்டதற்கெல்லாம் இருமும். ‘மனப்பிரமை’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பலர் இந்த வகைக்காரர்களாக இருக்கக்கூடும்.

இரண்டு வார நோட்டு

பெரிய டைரி வேண்டாம். பள்ளிப் பிள்ளையின் நாற்பது பக்க நோட்டு போதும். பதினான்கு நாள், நாளுக்கு ஒரு வரிசை, படுக்கப்போகும்முன் இரண்டு நிமிஷம். இதற்கு மேல் ஆசைப்பட்டால் நாலாம் நாளே நோட்டு பரணுக்குப் போய்விடும்.

முதல் கட்டத்தில் தேதி. அடுத்ததில், அன்றைய இருமலுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண்: 0 என்றால் இருமலே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியவில்லை. மூன்றாவது, ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள். நான்காவது, எது கிளப்பியது. ஐந்தாவது, எது நின்றுபோனது: வேலையா, தூக்கமா, பேச்சா, சர்ச்சுக்குப் போவதா. பகல் முழுக்க இருமலை எண்ண முயலாதீர்கள். அந்தக் கணக்கு யாருக்கும் சரியாக வராது, எண்ண எண்ண இருமலும் கூடும். ராத்திரி எழுந்த எண்ணிக்கை மட்டும் ஓரளவு நம்பகமானது.

‘எது கிளப்பியது’ என்ற கட்டம்தான் பொன். ‘எப்பவும்’ என்று எழுதினால் அது வீண். மிளகாய் தாளித்த நெடி, சாம்பிராணி, கொசுவத்தி, ஏ.சி. காற்று, போனில் நீளமாகப் பேசியது, படுத்ததும், வயிறு முட்டச் சாப்பிட்டுக் குனிந்ததும், குப்பைமேட்டுப் புகை, கன்டெய்னர் லாரிப் புழுதி என்று நடந்ததை எழுதுங்கள். பதினான்கு நாளில் ஒரு சாயல் தெரியும். படுத்ததும் குனிந்ததும் வந்தால் எதுக்களிப்பு பக்கம் மருத்துவர் யோசிப்பார். விடிகாலையில் எழுப்பி, நெஞ்சு இறுகினால் ஆஸ்துமா பக்கம். ஓயாத செருமலும் மூக்கடைப்பும் என்றால் மூக்கு பக்கம். இது குறிப்புத்தான், தீர்ப்பு கிடையாது. இரண்டு காரணம் சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

நோட்டு கெடுவது எப்படித் தெரியுமா? ஓ.பி.க்குப் போகும் முந்தின ராத்திரி உட்கார்ந்து பதினான்கு நாளையும் ஒரே பேனாவில், ஒரே எண் போட்டு நிரப்புவது. பார்த்தவுடனே தெரிந்துவிடும். விட்டுப்போன நாளை வெறுமையாக விடுங்கள். அதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இதோடு ராத்திரி இருமலை அரை நிமிஷம் போனில் பதிவுசெய்து வையுங்கள். வறட்டு இருமலா, கோழையோடா, கடைசியில் இழுப்புச் சத்தம் வருகிறதா என்பது அதில் கேட்கும்.

எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. இருமும்போது சிறுநீர் கசிந்து சேலை நனைவது. நாள்பட்ட இருமல் உள்ள பெண்களுக்கு இது மிகச் சாதாரணம். வெளியே போவதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள்கூட இதை மருத்துவரிடம் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. இடுப்படித் தசைக்குப் பயிற்சி இருக்கிறது, சொன்னால்தான் கிடைக்கும். வாயால் சொல்ல முடியாவிட்டால் நோட்டில் எழுதி அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இருமியபடி கண் இருண்டு மயங்கியது, விலா எலும்பு வலி, பஸ்ஸில் ‘இன்னாமா, டிபியா?’ என்று யாரோ எழுந்து தள்ளி உட்கார்ந்தது எல்லாம் சேர்த்து எழுதுங்கள். 2003இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் உருவான இருமல் வினாத்தாளில் 19 கேள்விகள் உண்டு. உடல், மனம், நாலு பேரோடு பழகுதல் என்று மூன்று பக்கமும் கேட்டு 3 முதல் 21 வரை மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் கூடினால் நிலைமை தேவலை என்று அர்த்தம். உலகம் முழுக்க இருமல் ஆராய்ச்சியில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, பஸ் விஷயமும் மருத்துவ விஷயந்தான்.

ஓ.பி. நாளில்

நோட்டை அப்படியே நீட்டினால் படிக்க நேரம் இருக்காது. ஒரே ஒரு தாளில் சுருக்கிக்கொள்ளுங்கள். எத்தனை மாதம், ராத்திரி எத்தனை முறை, எது கிளப்புகிறது, என்னென்ன மாத்திரை, டிபி பரிசோதனை எப்போது, முடிவு என்ன. பெயர் தெரியாத மாத்திரைக்கு அட்டையைக் கத்தரித்துத் தாளில் ஒட்டிவிடலாம். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் குடித்த சிரப்பையும் மறைக்காதீர்கள். பழைய எக்ஸ்ரே படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டால் விரிசல் விழும். தட்டையாக ஒரு பையில் வையுங்கள்.

வாய் திறந்தால் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: ‘டாக்டர், எட்டு மாசமா வறட்டு இருமல். ராத்திரி ரெண்டு தடவ எழுந்துடறேன். சளி டெஸ்ட் ரெண்டு தடவ எடுத்தாச்சு, இல்லைன்னுட்டாங்க.’ இதற்குப் பத்து விநாடி போதும். ‘ரொம்ப நாளா சரியில்லைங்க’ என்று ஆரம்பித்தால் அந்த மூன்று நிமிஷமும் கேள்வியிலேயே போய்விடும்.

எழுந்திருக்கும்முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மருந்தை எத்தனை நாள் பார்க்கணும்? கேட்கலைன்னா அடுத்தது என்ன? நாள்பட்ட இருமலில் சிகிச்சை என்பதே பல சமயம் சோதித்துப் பார்ப்பதுதான். உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தை 2 முதல் 4 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். எதுக்களிப்பு மருந்துக்கு இன்னும் அதிக நாள் வேண்டும். மூன்றாம் நாளே ‘கேட்கலை’ என்று ஆஸ்பத்திரி மாறினால், புது இடத்தில் ஒன்றாம் படியிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார்கள். நாலு மருத்துவரைப் பார்த்தும் ஒரு படிகூட ஏறாமல் நிற்பது இப்படித்தான்.

இன்ஹேலர் கொடுத்தால் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் செய்துகாட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் கேப்சூலை மெஷினில் போட்டு உறிஞ்சும் வகை நிறையக் கொடுக்கிறார்கள். அந்தக் கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘மருந்து கேட்கலை’ என்று வருகிறவர்களிடம் இதையும் விசாரிக்க வேண்டும். கேப்சூல் மெஷினில் வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். அழுத்தும் பம்ப் என்றால் நேர் எதிர்: குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தியபடி மெதுவாக இழுத்து, பத்து விநாடி பிடிக்க வேண்டும். இரண்டிலும் ஸ்டீராய்டு மருந்தானால் முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும், குரல் கம்மும்.

அடங்காத இருமலுக்குப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். திக்குவாய்க்கு மட்டும் உள்ளவர் என்று நினைக்க வேண்டாம். தொண்டை கமறத் தொடங்கும்போதே ஒரு வாய் தண்ணீர் விழுங்குவது, வாயை மூடி மூக்கால் இழுத்து உதட்டைக் குவித்து மெல்ல விடுவது, செருமுவதை விழுங்குவதாக மாற்றுவது என்று இருமலை அடக்கும் பயிற்சியை அவர்கள் முறையாகச் சொல்லித்தருவார்கள். ஆய்வுகளில் பலன் காட்டிய முறை இது.

சேர்ந்து உட்காருவது

இப்போது இரண்டாம் பாதி. எட்டிலிருந்து பத்துப் பேர் போதும். ஓ.பி. வரிசையில், சுகாதார நிலையத்தில், தெருவில் கிடைப்பார்கள். கூடவே பராமரிக்கும் மருமகளோ மகனோ ஒன்றிரண்டு பேர் இருந்தால் நல்லது. ராத்திரி என்ன நடக்கிறது என்று நோயாளியைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இடம் பார்க்கும்போது கல்யாண மண்டபம், ஏ.சி. ஹால் எதுவும் வேண்டாம். ஜன்னல் இரண்டு பக்கமும் உள்ள பள்ளி வகுப்பறை, சங்கக் கட்டிடம், மரத்தடி போதும். ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவத்தி, சென்ட் ஆகாது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். விளக்கேற்றித் தொடங்கும் வழக்கத்தில் சூடத்தை மட்டுமாவது விட்டுவிடுங்கள். ஃபிளாஸ்கில் வெந்நீர், ஆளுக்கு ஒரு டம்ளர், கதவருகே நாலு நாற்காலி காலியாக. இருமல் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, யாரும் ‘ஸாரி’ சொல்லவும் கூடாது என்பது முதல் விதி. டிபி பரிசோதனை முடிவு இன்னும் வராதவர்களை ஒதுக்க வேண்டாம். அன்றைய கூட்டத்தை எல்லோருக்குமாக வெளியே திறந்தவெளியில் வைத்து, முகக்கவசம் கொடுத்துவிடலாம்.

நேரந்தான் சிக்கல். காலை ஓ.பி. நேரம். காசிமேட்டுக்காரர்களுக்கு விடிகாலையில் மீன் ஏலம் ஓடும். மணலிப் பக்கம் ஷிப்ட். தண்ணி லாரி வரும் நேரத்தில் பெண்கள் யாரும் வரமாட்டார்கள். பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல் ஐந்து மணிக்குள் ஒத்துவரும். விசைப்படகுத் தொழிலாளர்களைச் சேர்க்க வேண்டுமானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் நல்ல சமயம். ஜனவரி நடுவில் போகிப் புகையோடு கூட்டம் போடுவது அறிவீனம். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நீளப் பேச்சே இருமலைக் கிளப்பும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஆண்களுக்கும் ஷேர் ஆட்டோவில் வருகிறவர்களுக்கும் போகவரக் காசைக் கையில் கொடுத்துவிடுங்கள். அரைநாள் கூலியை விட்டு வருகிறவரிடம் சமூக சேவை பற்றிப் பேசுவது அழகில்லை.

வாட்ஸ்அப் குழு வைத்தால் ஒருவர் எக்ஸ்ரேயையோ மருந்துச் சீட்டையோ அவர் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். ‘இந்த மருந்து எனக்குக் கேட்டது, வாங்கிப் போடு’ என்ற செய்திக்கும் தடை. தூதுவளை, அதிமதுரம் பற்றி யார் பேசினாலும் பேசட்டும். மாத்திரைக்குப் பதில் இது என்று சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதையும் அப்போது சொல்லிவிடலாம்.

குறையிலிருந்து கோரிக்கைக்கு

முதல் கூட்டம் முழுக்கக் குறையாகத்தான் இருக்கும். இருக்கட்டும், கொட்டினால்தான் அடுத்தது வரும். இரண்டாவது கூட்டத்தில் ஒரு சார்ட் பேப்பரை நீளவாக்கில் ஒட்டி, ஒரு கோடு போடுங்கள். இருமல் ஆரம்பித்த நாள் இடது ஓரம், ‘இதுதான் காரணம்’ என்று யாரோ சொன்ன நாள் வலது ஓரம். ஒவ்வொருவரும் தங்கள் நிறுத்தங்களைக் குறிக்கட்டும்: மருந்துக் கடை, தெருமுனை கிளினிக், சுகாதார நிலையம், பெரிய ஆஸ்பத்திரி, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் எத்தனை நாள் போனது என்று மேலே எழுதுங்கள். பத்துக் கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் பலரும் ஒரே இடத்தில் தேங்கி நிற்பது தெரியும். அங்கேதான் கைவைக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, பத்தில் ஆறு பேருக்கு நுரையீரல் பரிசோதனைக்குத் தேதி வாங்கியதும், போன அன்று ‘காலையில் பம்ப் அடிச்சுட்டு வந்துட்டீங்களே’ என்று திருப்பி அனுப்பியதும் கோட்டில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பரிசோதனையில் பம்ப் அடிக்கும்முன் ஒரு முறை, அடித்தபின் ஒரு முறை ஊதச்சொல்லி வித்தியாசம் பார்ப்பார்கள். முன்பே அடித்துவிட்டு வந்தால் கணக்குக் குழம்பும். ‘ஆஸ்பத்திரியில் நோயாளியை மதிப்பதில்லை’ என்று மனு எழுதினால் அது ஃபைலில் தூங்கும். ‘தேதிச் சீட்டின் பின்பக்கம், எந்தப் பம்பை எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று தமிழில் நான்கு வரி அச்சிட வேண்டும், வாசகத்தை நாங்களே எழுதித் தருகிறோம், மணிக் கணக்கை மருத்துவர் திருத்தித் தரட்டும்’ என்று எழுதினால் அடுத்த மாதமே நடக்கலாம். செலவு இல்லை, யாரையும் குற்றம் சாட்டவில்லை, நடந்ததா இல்லையா என்று எண்ணிப் பார்க்கவும் முடியும். ஒரு முறைக்கு ஒரு கோரிக்கை. பத்துக் கோரிக்கை உள்ள மனுவில் எளிதானது ஒன்றைச் செய்துவிட்டு ‘ஆவன செய்யப்பட்டது’ என்று முடித்துவிடுவார்கள்.

மாற்றம் வந்தபின் வேலை முடியவில்லை. அடுத்த மாதம் போன பத்துப் பேரில் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று மறுபடி எண்ண வேண்டும். ஆறு மூன்றாக ஆகியிருந்தால், மீதி மூன்று பேருக்கு ஏன் என்று கேளுங்கள். எழுத்துப் பொடியாக இருந்ததா? சீட்டைப் படிக்கத் தெரியாதவரா? படம் போட்டால் சரியாகுமா?

எந்த மேஜையில் வைப்பது

மருத்துவமனைக்குள் தீரக்கூடியதை முதலில் அந்தத் துறை செவிலியரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள். அவர்களால் முடியாது என்றால் நிலைய மருத்துவ அலுவலர். முதல் ஆளைத் தாண்டி நேரே மேலே போனால் காரியம் கெடும். அதே செவிலியரிடம்தான் நாளை மறுபடி நிற்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, சின்னச் செலவுகளுக்கு அதன் மூலம் வழி உண்டு.

டிபி சம்பந்தப்பட்டதானால் மாவட்ட அளவில் காசநோய் மன்றம் உண்டு. குணமானவர்களுக்கும் அதில் இடம் தர வேண்டும் என்பது திட்டத்தின் வழிகாட்டுதல். குணமானபின் தொடரும் இருமலை யார் பார்ப்பது என்ற கேள்வியை எழுப்பச் சரியான இடம் அதுதான். மாநகராட்சிச் சுகாதார நிலையத்தின் நேரம், மருந்து, குப்பை எரிப்பு போன்றவற்றுக்கு வார்டின் பகுதி சபை. குப்பை எரிவதை உடனே சொல்ல மாநகராட்சியின் 1913 என்ற போன் எண். மருத்துவ ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனை சம்பந்தமான புகாருக்கும் 104. எங்கே போனாலும் மனுவுக்கு ஒப்புகை வாங்கி, தேதியை நோட்டில் எழுதிவிடுங்கள்.

காற்றைப் பற்றிப் பேசும்போது

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல், மணலி ஆலை நெடி, கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்ல நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஊரே எழுந்து ஓடியது. ஆனால் மேஜையில் எடுபடுவது நேரம் குறித்த குறிப்புத்தான். ‘தினமும் நாத்தம்’ என்பதைவிட ‘14ஆம் தேதி இரவு 11.40, அழுகிய முட்டை நாற்றம், மேற்கிலிருந்து காற்று, மூன்று வீட்டில் இருமல்’ என்பது பத்து மடங்கு கனம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் நிலையங்களின் அளவைப் பார்க்கலாம். அதில் காட்டும் காற்றுத் தரக் குறியீடு பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. ராத்திரி ஒரு மணி நேரம் வந்த நெடி அதில் கரைந்துபோகும். ‘குறியீடு பச்சையாத்தானே இருக்கு’ என்று அதிகாரி சொன்னால் இதைச் சொல்லுங்கள். நுண்துகளுக்கு (பி.எம். 2.5) நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: பத்துப் பேர் நோட்டை வைத்து ‘இந்த ஆலைதான் காரணம்’ என்று நிரூபிக்க முடியாது. அப்படிப் பேசினால் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்கள். எங்கே அளவுமானி வைத்து எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்று காட்ட உங்கள் நோட்டு போதும். அதை மட்டும் கேளுங்கள்.

ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டால்

டிபிக்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துக் கிடப்பதற்குச் சமமான பலன் கிடைக்கும் என்று 1950களின் கடைசியில் உலகத்துக்குக் காட்டியது இந்தச் சென்னைதான். 1956இல் தொடங்கி இன்று சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையமும், அதற்குச் சம்மதித்த இந்த ஊரின் ஏழை நோயாளிகளும் சேர்ந்து செய்தது. ஆகவே ஆராய்ச்சி என்றதும் ‘எலி மாதிரி’ என்று ஓட வேண்டாம். கண்ணை மூடிக் கையெழுத்தும் போட வேண்டாம்.

தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். எத்தனை முறை வர வேண்டும், வந்துபோகும் செலவு யார் தருவார், வெற்று மருந்து (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) கிடைக்க வாய்ப்பு உண்டா, தீங்கு நேர்ந்தால் இழப்பீடு என்ன, நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விலகும் உரிமை எப்போதும் உண்டு. மருந்துச் சோதனை என்றால் இந்தியப் பதிவேட்டில் பதிந்த எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சியில் மருந்து சாப்பிடுகிறவராக மட்டும் இல்லாமல், அதைத் திட்டமிடும்போதே கருத்துச் சொல்கிறவராகவும் நோயாளி இருக்கலாம். ஐரோப்பிய நெஞ்சக நோய் மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட நாள்பட்ட இருமல் வழிகாட்டியில் நோயாளிகளின் கருத்தும் சேர்க்கப்பட்டது. இங்கும் மருத்துவக் கல்லூரிகளின் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத பொதுஜனம் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அடங்காத இருமலுக்காக வந்த கெஃபாபிக்சன்ட் மருந்து, நோயாளியின் கருத்து ஏன் அவசியம் என்று காட்டும். 2022இல் ஜப்பானும் 2023இல் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதித்தன. அமெரிக்கா பலன் போதவில்லை என்று ஒப்புதல் தரவில்லை. இருமலைக் குறைத்தாலும் பலருக்கு நாக்கில் ருசியை மாற்றிவிடுகிறது. ராத்திரித் தூக்கத்துக்காக ருசியை விட்டுக்கொடுக்கலாமா என்பதற்கு ஆய்வகத்தில் விடை கிடையாது. தெருவில் இட்லிக் கடை போட்டு, சாம்பாரை நாக்கில் வைத்துப் பார்த்தே பிழைப்பவரின் பதில் ஒன்று, பேசியே பிழைக்கும் ஆசிரியரின் பதில் வேறு.

கருத்துக் கேட்டு வரைவுத் தாள் கையில் வந்தால், மரியாதைக்காக ‘நல்லா இருக்குங்க’ என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சிவப்புப் பேனாவை எடுத்து, புரியாத சொல்லைச் சுழியுங்கள். வாரத்துக்கு மூன்று முறை வரச்சொன்னால், திருவொற்றியூரிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும், எத்தனை நாள் கூலி போகும் என்று ஓரத்தில் எழுதுங்கள். ‘இருமல் குறைந்ததா’ என்று மட்டும் கேட்டிருந்தால், ‘ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள்’, ‘சேலை நனைகிறதா’ என்று இரண்டு கேள்வியைச் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில், முடிவு வந்ததும் அதைத் தமிழில் எங்களுக்கு எப்போது, யார் வந்து சொல்வார்கள் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரி ஏறும்வரை தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.